காசோலையின் கடைசி வரி

வாசலிலேயே செல்பேசியையும் கைக்கடிகாரத்தையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கடிகாரம் எதற்கு என்றேன். "இப்பல்லாம் வாட்ச்லயே கேமரா வருது சார்" என்றார் காவலர். நோட்டும் பென்சிலும் உள்ளே வரலாம். வங்கிகளுக்குக் காசோலைப் புத்தகம் அச்சிடும் பாதுகாப்பு அச்சகம் அது. சென்னைப் புறநகர்த் தொழிற்பேட்டை ஒன்றில், பிளாஸ்டிக் குடம் வார்க்கும் பட்டறைக்கு அடுத்த கட்டடம். அச்சகத்தின் பெயரை எழுதக்கூடாது என்பது நிபந்தனை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று நடைமுறையில் உள்ள சி.டி.எஸ். 2010 தரவிதிப்படி, அச்சிட்டவரின் பெயர் ஒவ்வொரு காசோலையின் இடது ஓரத்திலும் பொடி எழுத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் செக்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் நான் மறைக்கிற பெயர் அதில் இருந்தாலும் இருக்கும்.

நான் பார்க்கப் போனது காசோலையின் கடைசி வரியை மட்டும்தான். அடியில் வெள்ளைப் பட்டையில், சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் இளைத்தும் நிற்கும் அந்தக் கறுப்பு எண்கள். வங்கிக்காரர்கள் 'மைக்கர் லைன்' என்பார்கள்.

மேலாளர் ஒரு மாதிரித் தாளை எடுத்து மேசைமேல் வைத்து விரலால் ஓட்டிக்காட்டினார். இடப்பக்கம் முதல் ஆறு இலக்கம் செக் நம்பர். அடுத்த ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று ஊர். அஞ்சல் குறியீட்டின் தலைப்பகுதியேதான். சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641. நடு மூன்று வங்கி: ஸ்டேட் பேங்க் என்றால் 002, இந்தியன் வங்கி 019, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 020. கடைசி மூன்று கிளை. பிறகு கணக்கு சார்ந்த ஆறு இலக்கம். கடைசியில் ஒரு ஜோடி எண். எந்த ஊரிலும் செல்லும் சேமிப்புக் கணக்குக் காசோலைக்கு 31, நடப்புக் கணக்குக்கு 29. இவற்றுக்கு நடுவே கட்டையும் புள்ளியுமாகச் சில குறிகள். ஒரு பகுதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வேலிகள் அவை.

"இவ்வளவுதான் சார். இதைச் சரியா அடிக்கிறதுக்குத்தான் இந்தக் கட்டடமே" என்றார்.

எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. மாடியில் இருந்த மென்பொருள் அறைக்குப் போனதும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த பெண்ணிடம், "இந்த ஃபாண்ட் இணையத்துல இலவசமாவே கிடைக்குதே மேடம்?" என்று கேட்டேன். கிடைக்கிறதுதான். க்னூமைக்கர் என்று கட்டற்ற உரிமத்தில் ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. விலைக்கு விற்பவையும் ஏராளம். மொத்தமே பதினான்கு வடிவங்கள்: பத்து எண்கள், நான்கு குறிகள்.

"தாராளமா எடுத்துக்கலாம் சார். அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. ஆனா அதை வேர்டுல போட்டு பிரிண்ட் எடுத்தீங்கன்னா எங்க ரீடர் படிக்காது" என்றவர், திரையில் '8' என்ற எண்ணைப் பெரிதாக்கிக் கட்டம் போட்டுக் காட்டினார்.

இந்த எழுத்துருவுக்கு ஈ-13பி என்று பெயர். பரிசீலித்த வடிவங்களில் ஐந்தாவது என்பதால் ஈ. அதன் இரண்டாவது திருத்தம் என்பதால் பி. நடுவிலுள்ள 13, அங்குலத்தின் ஆயிரத்தில் 13 பங்கு. அதாவது 0.013 அங்குலம், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எல்லா எண்களும் இந்த அளவுள்ள சதுரங்களை அடுக்கிக் கட்டியவை. ஓர் எண்ணின் உயரம் ஒன்பது சதுரம். ஓர் எண்ணின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு 0.125 அங்குலம், அங்குலத்துக்கு எட்டு எண்கள், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கணக்கு உதைப்பது இங்கேதான். சாதாரண லேசர் அச்சு இயந்திரம் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைக்கும். 0.125 அங்குலத்துக்கு 75 புள்ளிகள், பொருந்திவிட்டது. ஆனால் ஒரு சதுரத்துக்கு? 7.8 புள்ளிகள். புள்ளியில் பத்தில் எட்டுப் பங்கை எந்த இயந்திரமும் வைக்காது. எட்டு வைத்தால் எண் பருக்கிறது. ஏழு வைத்தால் இளைக்கிறது. 300 புள்ளி இயந்திரத்தில் இன்னும் மோசம், இடைவெளியே 37.5 என்று வந்து நிற்கும். போதாக்குறைக்கு, டோனர் சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டும்போது ஓரம் சற்றுப் பரவும். அந்தப் பரவலும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆகவே கணினி தானாக வரைந்துகொள்ளும் வழக்கமான எழுத்துரு இங்கே உதவுவதில்லை. எந்தக் கோட்டுக்கு ஏழு புள்ளி, எதற்கு எட்டு என்று ஒவ்வொரு எண்ணையும் புள்ளி புள்ளியாகக் கையால் சரிசெய்து, அந்தக் குறிப்பிட்ட அச்சு இயந்திரத்துக்கென்றே ஒரு வடிவத் தொகுதி வைத்திருக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் மெலிந்தது, கொஞ்சம் தடித்தது என்று பல படிகள். புது இயந்திரம் வந்தால் எல்லாப் படிகளையும் அச்சிட்டு அளந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இயந்திரத்தின் நினைவகத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

"டிரைவர்ல 'ஃபிட் டு பேஜ்'னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் எங்களுக்கு எமன்" என்றார். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முப்பது எழுத்து நீளமுள்ள வரியில் ஏறக்குறைய ஓர் எழுத்தின் அகலமே காணாமல் போய்விடும்.

நான்கு குறிகளின் கதை தனி. விசைப்பலகையில் அவற்றுக்கு இடம் கிடையாது. பல எழுத்துருக்களில் ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் இந்தக் குறிகள் வரும். எல்லா எழுத்துருவும் இதே வரிசையைப் பின்பற்றும் என்று சொல்வதற்கில்லை. ஃபாண்டை மாற்றிவிட்டுச் சோதிக்காமல் அச்சிட்டால் வேலிகள் இடம் மாறி நிற்கும். உலகப் பொதுவான யூனிகோடையே பார்த்துக்கொள்ளலாமே என்றால், அங்கும் ஒரு குளறுபடி. 2448, 2449 என்ற இரண்டு இடங்களுக்கும் பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள். கோடு என்று பெயருள்ளது வாடிக்கையாளர் கணக்கின் குறி. வாடிக்கையாளர் கணக்கு என்று பெயருள்ளது கோடு. யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. எனவே தவறை ஒப்புக்கொண்டு மாற்றுப்பெயர் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அரசிதழில் வந்த பெயர்ப் பிழை போலத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு என்பது கீழே இறங்கிப் பரிசோதனை மேசைக்கு வந்தபோதுதான் முழுதாக விளங்கியது. காரணம், இந்த எண்கள் கண்ணுக்காக வரைந்தவை அல்ல. காந்தத்துக்காக வரைந்தவை.

1950களில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, குவியும் காசோலைகளைக் கையால் பிரித்துக் கட்டுப்படியாகாமல், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திடம் போனது. அங்கே பிறந்த இயந்திரத்துக்கு எர்மா என்று பெயர். அதைத் தயாரித்துக் கொடுத்தது ஜெனரல் எலெக்ட்ரிக். காசோலை பல கை மாறி வரும். மேலே முத்திரை குத்துவார்கள், கையெழுத்து வழிந்து கீழே இறங்கும், காபி சிந்தும். ஒளியால் படிக்கும் இயந்திரம் இதிலெல்லாம் திணறும். இரும்பு ஆக்ஸைடு கலந்த மையில் அச்சிட்டுக் காந்தத்தால் படித்தால், மேலே எந்த மை விழுந்தாலும் கவலையில்லை. இந்தப் படிப்பு முறையைக் கண்டுபிடித்தவர் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய கென்னத் எல்ட்ரெட்ஜ். அதற்கு 1961இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் வரிசை எண் சரியாக 30,00,000.

படிக்கும் இயந்திரத்தில் காசோலை வலப்பக்கம் முந்திக்கொண்டு ஓடுகிறது. முதலில் ஒரு காந்தம் மையிலுள்ள இரும்பைக் காந்தமாக்குகிறது. அடுத்து, பழைய டேப் ரிக்கார்டரில் நாடாவைத் தடவி ஓடுமே, அதைப் போன்ற ஒரு தலை. அந்தத் தலைக்கு உருவம் தெரியாது. தன் அடியில் இரும்பு கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டுமே தெரியும். கூடினால் அலை மேலே எழும். குறைந்தால் கீழே இறங்கும். பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வலது கட்டை வரும்போது ஒரு மேடு, அது முடிந்து நடுப்பள்ளம் வரும்போது ஓர் இறக்கம், இடது கட்டையில் மறுபடி மேடு, வெளியேறும்போது மறுபடி இறக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் இந்த மேடுபள்ளம் வேறு மாதிரி இருந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றுக்கு அடியில் அந்த வீக்கம், மற்றதற்குப் பக்கத்தில் அந்தத் தடிப்பு. அழகுக்காக ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

ஆனால் உலகம் அதை அழகாக எடுத்துக்கொண்டது. வெஸ்ட்மின்ஸ்டர், டேட்டா 70 என்று அந்த வீக்கங்களைக் காப்பியடித்து முழு ஆங்கில எழுத்துவரிசையே வரைந்தார்கள். அறுபது, எழுபதுகளில் 'கம்ப்யூட்டர் எழுத்து' என்று விளம்பரங்களில் வந்தது இதுதான். எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படித்ததில்லை. ஈ-13பியில் எழுத்துகளே கிடையாது என்பது வரைந்தவர்களுக்குத் தெரிந்தும் இருக்கும்.

பரிசோதனை மேசையில் இருந்தவர் சிவகாசிக்காரர்; ஆப்செட் அச்சில் தொடங்கி இங்கே வந்தவர். ஒரே வரியை இரண்டு தாளில் அச்சிட்டு வைத்திருந்தார். ஒன்றில் அலுவலக டோனர், மற்றதில் மைக்கர் டோனர். "எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு. படிப்பானில் முதல் தாளைச் செருகியதும் திரையில் கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. இலக்கம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதைச் செருகினார். அலை எழுந்து அமர்ந்து எழுந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு சதவீதம் வந்தது: 104, 97, 110. நூறு என்பது சரியளவு. ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலோ இருநூறைத் தாண்டினாலோ தள்ளிவிட வேண்டும்.

அளவு மட்டும் போதாது. இடமும் சரியாக இருக்க வேண்டும். காசோலையின் அடியில் ஐந்தெட்டு அங்குல உயரப் பட்டை முழுவதும் மைக்கருக்கென்று ஒதுக்கியது. அதில் வேறு காந்த மை படக்கூடாது. அந்தப் பட்டைக்குள்ளும் நடுவிலுள்ள கால் அங்குலத்தில்தான் எண்கள் உட்கார வேண்டும். கண்ணாடித் தாளில் கோடு போட்ட ஓர் அளவுகோலை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அது வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு அளக்கிறது. இதன் பொருள், அச்சு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கத்தி ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எல்லாம் பாழ். "ஃபாண்ட்ல தப்புன்னு சொல்லி அனுப்புவாங்கண்ணே. பாதி நேரம் கட்டிங்லதான் தப்பு இருக்கும்" என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கத்தி அறை பக்கத்திலேயே இருந்தது.

அச்சுக்கூடத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. வங்கியின் சின்னம், வெளிர் நிறப் பின்னணி, எல்லாம் ஏற்கெனவே ஆப்செட்டில் அடித்து வந்த தாள்கள். வெளிச்சத்தில் பிடித்தால் 'சி.டி.எஸ். இந்தியா' என்ற நீரோட்டக் குறி காகிதத்துக்குள்ளேயே தெரிகிறது. புற ஊதா விளக்கில் வங்கிச் சின்னம் மின்னுகிறது. காகிதம் மின்னாமல் மங்கியே இருக்க வேண்டும். நகல் எடுத்தால் பின்னணியில் ஒளிந்திருக்கும் 'வாய்ட்' என்ற சொல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். இலவச எழுத்துருவை வைத்துக்கொண்டு யாரும் காசோலை அடித்துவிட முடியாதா என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தாள்கள்தான். பாதுகாப்பு எழுத்துருவில் இல்லை. காகிதத்திலும் டோனரிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கிலும் இருக்கிறது.

கணக்கு என்று நான் சொல்வது அந்த மாடி அறையின் மென்பொருளை. வங்கியிலிருந்து பூட்டிய கோப்பாகத் தரவு வருகிறது: பெயர், கணக்கு எண், கிளை, எத்தனை லீஃப். மென்பொருள் முதலில் செய்வது ஒன்பது இலக்கக் குறியீட்டைக் கிளைப் பட்டியலோடு ஒப்பிடுவது. நம் ஊர்க் குறியீட்டில் ஊர், வங்கி, கிளை என்று ஒன்பது இலக்கமும் தீர்ந்துவிடுகிறது. சரிபார்ப்புக்கென்று ஓர் இலக்கம் மிச்சமில்லை. அமெரிக்காவின் ஒன்பது இலக்க எண்ணில் கடைசி இலக்கம் அதற்காகவே இருக்கிறது. முன்னுள்ள எட்டையும் 3, 7, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் பத்தால் வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் அங்கே கணக்கே சொல்லிவிடும். இங்கே பட்டியல்தான் சொல்ல வேண்டும். பட்டியல் பழசாக இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். வங்கிகள் இணைந்து கிளைகளின் குறியீடு மாறிய நாட்களில் அந்தப் பெண்ணின் அணியினர் தூங்கியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அடுத்தது அடுக்கும் முறை. காசோலை 202க்கு 92 மில்லிமீட்டர். ஏ4 தாளில் மூன்று அடங்கும். தாளில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று அச்சிட்டால் வெட்டிய பிறகு ஒன்றொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எனவே முந்நூறு லீஃப் என்றால் மேல் வரிசையில் 1 முதல் 100, நடுவில் 101 முதல் 200, கீழே மீதி. நூறு தாளையும் ஒரே வெட்டில் மூன்று கட்டாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரிசை தானாக அமைந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவே ஒரு தாள் சிக்கிக் கிழிந்தால் மூன்று வெவ்வேறு ஆட்களின் புத்தகங்களில் ஒவ்வொரு லீஃப் போகிறது. கிழிந்த தாளை மேற்பார்வையாளர் பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட்டு, அரைக்கும் இயந்திரத்தில் போட்ட பிறகே அதே எண்களை மறுபடி அச்சிட மென்பொருள் வழிவிடும். ஒரே எண்ணில் இரண்டு காசோலை வெளியே போனால் அச்சகத்தை மூட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இந்தக் கட்டடமே தேவையில்லை என்று சொல்லலாம். அங்கே சிறு நிறுவனங்கள் பாதுகாப்பு அம்சங்களுள்ள வெற்றுத் தாளை வாங்கி, குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருளோடு மைக்கர் எழுத்துருவையும் டோனரையும் சேர்த்துத் தங்கள் அலுவலகத்திலேயே காசோலையை அடியிலிருந்து நுனிவரை அச்சிட்டுக்கொள்கின்றன. நம் நாட்டில் வங்கி கொடுத்த லீஃப்தான் காசோலை. இங்கே 'செக் பிரிண்டிங் சாஃப்ட்வேர்' என்று விற்பது, அந்த லீஃபில் பெயரும் தொகையும் நிரப்பும் மென்பொருள். டேலியிலும் அந்த வசதி உண்டு. "நாங்களே செக் அடிச்சுக்கலாமான்னு கம்பெனிக்காரங்க போன் பண்ணிக் கேப்பாங்க சார்" என்றார் மேலாளர். அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: மேலே நிரப்பிக்கொள்ளுங்கள், கீழ்ப்பட்டைக்கு வராதீர்கள்.

இப்போது காசோலையே ஊர்விட்டு ஊர் போவதில்லை. 2008இல் டெல்லியில் தொடங்கி, 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்த சி.டி.எஸ். முறையில், காசோலை போட்ட வங்கியிலேயே நின்றுவிடுகிறது. அதன் படம்தான் பயணம் போகிறது. முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படம், கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. படமே இருக்கும்போது காந்தம் எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன். வருடும் இயந்திரத்தில் காந்தத் தலையும் இருக்கிறது; அது படித்த வரியும் படத்தோடு போகிறது என்றார். சாதா டோனரில் அடித்த போலி, படத்தில் அசலைப் போலவே விழும். காந்தத் தலைக்கு முன்னால் அது வெறும் வெள்ளைத் தாள். சிவகாசிக்காரர் காட்டிய முதல் தாளை நினைத்துக்கொண்டேன்.

2025 அக்டோபர் 4 முதல் தொகுப்புத் தொகுப்பாகக் காசோலையை அனுப்பும் வழக்கமும் போய், காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை வரவர அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "முன்னெல்லாம் படிக்காத லீஃப ஓரமா ஒதுக்கி வெச்சு அப்புறமா உட்கார்ந்து டைப் அடிப்பாங்க. இப்ப நிறுத்தி நிதானமா பண்ண நேரமில்ல. அதனால புகார் உடனே நமக்கு வந்துடுது" என்ற மேலாளர், அன்று காலை ஒரு வங்கி அனுப்பியிருந்த புகாரைத் திறந்தார். படிப்பான் தள்ளிய காசோலைகளின் கீழ்ப்பட்டையை மட்டும் வெட்டி அனுப்பிய படங்கள். செக் நம்பரை வைத்து எந்த இயந்திரம், எந்த டோனர், எந்த வேளை என்று மாடியிலிருந்தவர் தேடி எடுத்துத் தந்தார். இயந்திரங்கள் வேறு வேறு, டோனரும் வேறு வேறு. பெரிதாக்கிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் எண்களுக்கு நடுவே இரட்டைத் துளைகள். யாரோ சீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள், சரியாக அந்த வரியின்மேல். மேலாளர் அவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு, துளையில்லாத மீதிப் படங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, கத்தி அறைக்குக் கொடுத்தனுப்பினார்.